கேஸ் உலை: வுல் சுத்தியாச்சு, காஸ்டபிள் பூசியாச்சு

ஏசி மெக்கானிக்குங்க தீந்ததும் தூக்கிப் போடுற ஆர்22 சிலிண்டர் இருக்குல்ல, அந்த 13.6 கிலோ டப்பாதான் இரும்ப செவக்க சூடாக்கி அடிக்கறதுக்கு நான் செய்யற இந்த உலையோட உடம்பு. உள்ள மிச்ச கேஸ் இருந்தா மெக்கானிக்கையே மெஷின் வெச்சு எடுக்கச் சொல்லிடுங்க, அது நெருப்புல பட்டா விஷப்புகை. முன்னாடி வாய் வெட்டி, கால் வெல்டு பண்ணி, பெயின்ட் சுரண்டுறதெல்லாம் சாதா வேலைதான். இன்சுலேஷன்லதான் விஷயமே இருக்கு.

வீடியோல நெறைய பேரு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் மணலையும் கலந்து ஊத்துறாங்க. 660 டிகிரில உருகுற அலுமினியத்துக்கு அது கொஞ்ச நாள் தாங்கும், இரும்பு அடிக்க 1100, 1200 டிகிரி வேணும், அங்க அது பொரிஞ்சு உதிர்ந்துடும், அதனால அந்தப் பக்கமே போகல. கனமான ஃபயர் பிரிக்கும் வேணாம்னு விட்டுட்டேன், மொதல்ல தான் சூடேறித்தான் இரும்புக்கே சூட்ட குடுக்கும், அதுவரைக்கும் கேஸ் சும்மா போயிட்டிருக்கும்.

ஸோ செராமிக் ஃபைபர் பிளாங்கெட், சூடு தாங்குற நார்ல செஞ்ச மெத்தை மாதிரி, இதத்தான் வுல்லுங்கறது. கோயமுத்தூர்ல ஃபவுண்டரி அதிகம்ங்கறதால இதுக்கு அலையத் தேவையில்ல. 1260 டிகிரி கிரேடு, டென்சிட்டி கன மீட்டருக்கு 128 கிலோ, 25 மி.மீ. தடிமன் கேட்டேன். "முழு ரோல் 7.32 மீட்டர் வருமுங்க தம்பி, உங்களுக்கு எதுக்கு அவ்வளவு"ன்னு கடைக்கார அண்ணன் வெட்டியே குடுத்துட்டாரு.

டப்பா உள்விட்டம் கிட்டத்தட்ட 24 செ.மீ., அதனால மொத சுத்துக்கு 75 செ.மீ., ரெண்டாவதுக்கு 60. ஒரு விரல் கூடுதலா வெட்டி அழுத்திச் சொருகுனா தானா விறைப்பா நிக்கும், பசையே வேணாம், ரெண்டு சுத்தோட ஜாயின்ட்டும் ஒரே எடத்துல வராம மட்டும் பாத்துக்கணும். வெட்டும்போது துணி மாஸ்க் பத்தாது, என்95 ஆவது வேணும், முழுக்கை சட்டை, கண்ணாடி. இந்த நார் நுரையீரலுக்குள்ள போற சைஸ், அதிக சூட்டுல பல தடவை வெந்துச்சுன்னா அதுல கிரிஸ்டோபலைட்னு ஒரு வகை சிலிக்கா வேற உருவாகும், அது இன்னும் மோசம். அதான் வெறும் வுல்லோட உலைய ஓட்டக்கூடாதுங்கறது.

அடுத்தது கொலாய்டல் சிலிக்கா, அதாவது நுண்ணிய சிலிக்கா கலந்த தண்ணி, நார இறுக வைக்கறதுக்கு. ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி ரெண்டு சொட்டு ஃபுட் கலர் விட்டுட்டேன், வெள்ளை வுல்லுல எங்க எவ்வளவு எறங்கியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும், கலர் அப்புறம் எரிஞ்சு போயிடும். காய வெச்சு பர்னர மெதுவா காட்டி மங்கலா செவக்கற வரைக்கும் சுட்டதும் மெத்துமெத்துன்னு இருந்தது மொறமொறன்னு அட்டை மாதிரி ஆயிடுச்சு.

அதுமேல டென்ஸ் காஸ்டபிள், அதாவது சூடு தாங்குற சிமென்ட் கலவை, சுமார் 12 மி.மீ. இதுல தண்ணி அளவுதான் எல்லாமே. கையில உருண்டை புடிச்சு ஒரு அடி மேல தூக்கிப் போட்டு புடிச்சேன், உதிர்ந்தா தண்ணி கம்மி, விரல் சந்துல வழிஞ்சா ஜாஸ்தி. பூசறதுக்கு முன்னாடி வுல் மேல தண்ணி தெளிச்சுக்கணும், இல்லன்னா காஸ்டபிள்ல இருக்குற தண்ணிய வுல் உறிஞ்சிடும், சிமென்ட் சரியா செட் ஆகாது. தரைப்பகுதிய மட்டும் இன்னும் தடிமனா போட்டேன், ஏன்னா ரெண்டு இரும்ப சூடாக்கி அடிச்சே ஒட்டுற ஃபோர்ஜ் வெல்டுக்கு வெங்காரம் போடுவோம், உருகுன வெங்காரம் ஃபைபர அரிச்சுத் தின்னுடும்.

ஈரச்சாக்கு மூடி 24 மணி நேரம். அப்புறம் உள்ள 100 வாட்ஸ் குண்டு பல்ப போட்டு நிதானமா காய விட்டேன். இதுல அவசரப்பட்டு ஃபுல் தீய விட்டா உள்ள மாட்டுன தண்ணி நீராவியாகி பூச்சே பேத்துக்கிட்டு வெடிக்கும், அதனால பர்னரையும் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைச்சு, மறுபடி எரியவிட்டுன்னுதான் ஏத்துனேன்.

நல்லா ஏறுனப்புறம் உள்சுவரு மொத்தமும் ஒரே ஆரஞ்சு, அருவாளுக்கு எடுப்பாங்களே அந்த லாரி ஸ்பிரிங் பட்டைல ஒரு துண்டு போட்டேன், ரெகுலேட்டர கொறைச்சு வெச்சும் முனையிலருந்து நடு வரைக்கும் ஒரே நெறமா வந்துச்சு. வெளித் தகடு கை வைக்க முடியாத சூடு, ஆனா செவக்கல. உள்ள மயிரிழை விரிசல் ரெண்டு மூணு விழுந்திருக்கு, அது விழத்தான் செய்யும், வுல் தெரியாத வரைக்கும் பிரச்சனையில்ல.

பின்வாசலுக்கு இப்போதைக்கு இன்சுலேட்டிங் பிரிக்க இடைவெளி விட்டு சாத்தி வெச்சிருக்கேன், முழுசா அடைச்சா, ஃபேன் இல்லாம காத்த தானே இழுத்துக்கற இந்த வென்ட்சுரி பர்னர் மூச்சு முட்டி கார்பன் மோனாக்சைடு கெளம்பும், திறந்த ஷெட்லதான் ஓட்டறேன்னாலும் ரிஸ்க் வேணாம். காஸ்டபிள் மேல பூசற சிர்கான் கோட்டிங் விலையக் கேட்டுட்டு வந்திருக்கேன், அது அடுத்த மாசந்தான்.