சுவர் எப்படிடா திறக்கும்?

சார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நம் பள்ளி செட் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். மறுவாரமே நினைவு மலர்க் குழுவிலிருந்து போன்: "சுவர், சாரைப் பத்தி நீதான் எழுதணும்." என் சொந்தப் பெயர் நம் செட்டில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ!

1989-ல் குறளுக்கு அப்புறம் மைக்கில் செய்தி வாசிக்கும் வேலை எனக்கு. பேப்பரில் வந்ததை மட்டுமே வாசிக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். அந்த வருடம் பேப்பரே கதை விடுவது போலத்தான் இருந்தது. ஜூன் 4 அன்று போலந்தில் தேர்தல். இரண்டு சுற்றும் முடிந்தபோது செனட்டின் 100 இடங்களில் 99, கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்துக்கு. அதே ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் துப்பாக்கிச் சூடு. ஜனவரியில் செக்கோஸ்லோவாகியா சிறையில் அடைத்த நாடகாசிரியர் ஹாவெல், டிசம்பர் 29-ல் அந்த நாட்டுக்கே குடியரசுத் தலைவர்.

ஆனால் பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து நின்ற பெர்லின் சுவர் மட்டும் நூறு வருஷம் நிற்கும் என்று வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தார் சார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஜனவரியில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹொனேக்கரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அக்டோபரில் அவர் பதவி போனது.

நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. விடியற்காலை அப்பாவின் ரேடியோவில் கேட்டதை நம்பி, பேப்பர் வருமுன்னே வாசித்துவிட்டேன்: "பெர்லின் சுவர் திறக்கப்பட்டது."

சார் மேடைக்கே வந்து மைக்கைப் பிடுங்கினார். "கதவு திறக்கும், ஜன்னல் திறக்கும். சுவர் எப்படிடா திறக்கும்?"

பள்ளிக்கூடமே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். அன்று முழுக்கப் பெஞ்சு மேல் நின்றேன்.

நடந்தது என்னவோ அதைவிட வேடிக்கை. மறுநாள் முதல் விண்ணப்பித்து விசா வாங்கி மேற்கே போகலாம் என்பதுதான் கிழக்கு ஜெர்மனி அரசு நவம்பர் 9-ல் போட்ட விதி. எப்போதிலிருந்து என்று நிருபர்கள் கேட்க, அதை அறிவிக்க வந்த கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி காகிதத்தைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். ஜனம் வாசலில் திரண்டது. காவலர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் திறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாரே பேப்பரோடு மேடையேறி வாசித்தார். என் பக்கம் திரும்பவில்லை. வகுப்பில் மட்டும் மெதுவாக, "பரீட்சையில ரெண்டு ஜெர்மனின்னே எழுது. மார்க் போயிடும்" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. மறுநாளிலிருந்து நான் செய்தியை எழுதிக்கொண்டு போனால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நான் வந்து சேர்ந்ததும் இந்த ஜெர்மனிக்குத்தான். அதைக் கேள்விப்பட்டு ஒரு கடிதம் எழுதினார்: "சுவர் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? நேரில் பார்த்துவிட்டு எழுது." பெர்லின் ரயிலில் அரை நாள் தூரம். லீவு இல்லை, குழந்தைகள் சின்னவர்கள், குளிர். இருபது வருடம் இப்படியே ஓடியது.

போன மாதம்தான் போனேன். தார் ரோட்டின் குறுக்கே இரண்டு வரிசைக் கல் பதித்திருக்கிறார்கள், சார். அதன் மேல் சைக்கிளில் போகிறார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.