நாற்பது லீற்றர் கடலில் ஓர் உளுவையும் இரண்டு இறால்களும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில், வெயில் படாத சுவரோரமாக, ஒரு சிறிய உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. அதன் நீளம் 45 சென்ரிமீற்றர். அகலமும் உயரமும் 30 சென்ரிமீற்றர். கணக்குப்படி 40 லீற்றர் கொள்ளும் என்றாலும், கல்லும் மணலும் இட்ட பின் அதில் நிற்கும் நீர் 32 லீற்றர்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு மீனை ஏன் வளர்க்கிறாய் என்று கேட்கிறார்கள். நின்று விளக்க நேரம் வாய்ப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தொட்டி சிறிதானால் வேலையும் சிறிது என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். பெரிய தொட்டியில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் நீருக்கு அது தெரியாது. 32 லீற்றரில் அதே நத்தை ஓரிரவில் அமோனியாவை ஏற்றி, மற்ற உயிர்களையும் கொண்டு போய்விடும். அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் வேண்டும். அதுவரை உயிரில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இல்லாதவர், இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே அந்த உயிர்களுக்கு நல்லது.

ஆனையிறவு உப்பளம் பக்கத்தில்தானே இருக்கிறது, அந்த உப்பைக் கரைத்துவிட்டால் கடல்நீர் ஆகிவிடாதா என்று மாமா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன. அதன் பிறகே கறியுப்பு விளைகிறது. மகனீசியத்தின் பெரும்பகுதி கடைசியில் எஞ்சும் கழிநீரோடு போய்விடுகிறது. ஆகவே மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதிதான். ஓடு கழற்றி ஓடு கட்டி வளரும் இறாலுக்கு, லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியமும் அதைப்போல் மூன்று மடங்கு மகனீசியமும் உள்ள உண்மையான கடல்நீர் தேவை. செயற்கைக் கடலுப்புக் கலவை கடைகளில் கிடைக்கிறது, ஆனால் விலை என் கைக்கு எட்டுவதாக இல்லை. நான் முல்லைத்தீவில் திறந்த கடலோரத்தில் நீர் எடுக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவருவது சிரமமென்றாலும், பக்கத்துக் களப்பான நந்திக்கடலில் எடுப்பதில்லை. களப்பு நீரின் உப்பு, கோடையில் ஏறியும் மாரியில் மழைவெள்ளத்தால் இறங்கியும் ஓரிடத்தில் நில்லாது. மழைக்கு முந்திய ஆவணி மாதத்தில் எடுத்து, துணியில் வடித்து, இருட்டறையில் மூடி வைத்து, சாரடர்த்தி (நன்னீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு; உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) 1.025 என்று நீரமானியில் பார்த்த பிறகே பயன்படுத்துகிறேன். கல்லைப் பொறுத்தவரை, பவளப்பாறையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். கடையில் விற்கும் துளைகள் நிறைந்த செயற்கைக் கல்லே போதுமானது.

என் முதல் இறாலை நான் இழந்தது ஒரு சித்திரை மாதத்தில். வன்னிக் கோடையில் தொட்டிநீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறையும். நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டு வெப்பத்தை 27 பாகைக்கு இறக்கினேன். காற்றுப் பட்டால் நீர் ஆவியாகும், நாளொன்றுக்கு முக்கால் லீற்றர் வரை. குறைந்த அளவைச் சேமித்து வைத்திருந்த கடல்நீரால் நிரப்பி வந்தேன். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் கை பழகிப்போன வேலையில் கருத்து நிற்கவில்லை. பத்தாம் நாள் நீரமானி 1.031 காட்டியது. அன்று காலை இறால் பழைய ஓட்டைப் பாதி கழற்றிய நிலையில் கிடந்தது. இப்போது தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். தினமும் மாலையில் அந்தக் கோடு வரை நன்னீர் விடுகிறேன். எங்கள் கிணற்றுநீர் கடினநீர் என்பதால், குடிப்பதற்கென்று சுத்திகரித்து விற்கும் ஆர்.ஓ. நீரையே இதற்கும் வாங்குகிறேன்.

இனி மீன்கள். பிள்ளைகளுக்குக் கோமாளி மீன்மேல் ஆசை. ஒரு சோடியை இத்தொட்டியில் வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அவை இரண்டும் முழு வளர்ச்சி அடைந்தபின் தின்று கழிப்பதை 32 லீற்றர் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீல டாங் மீன் ஓர் அடி வரை வளரும். டாம்சல் மீன் சிறிது, அழகு, விலையும் குறைவு. ஆனால் தன் எல்லைக்குள் எதையும் நிம்மதியாக இருக்க விடாது. நந்திக்கடலில் பிடிபடும் திரளிக் குஞ்சையும் ஒராக் குஞ்சையும் கொண்டுவந்து தர அயலில் ஆட்கள் இருக்கிறார்கள். அவை கூட்டமாக நீந்தி வளரும் மீன்கள், அவற்றை இந்தக் கண்ணாடிக்குள் அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் தேர்ந்தது, மேற்குப் பசிபிக் கடலைச் சேர்ந்த மஞ்சள் காவல் உளுவை ஒன்றையும், அதனுடன் வளை பகிரும் சொடுக்கு இறால் ஒன்றையும். நிறத்துக்காகவோ எண்ணிக்கைக்காகவோ மீன் வாங்காமல், அது தன் வாழ்க்கையை வாழ இந்த இடம் போதுமா என்று பார்த்தால், சிறு தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு எனக்குத் தெரியவில்லை. உளுவை நீந்தித் திரியும் மீனல்ல. வளைவாசலில் இருந்து காவல் பார்ப்பதே அதன் வேலை. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அது நாள் முழுவதும் மணலை வாரி வெளியே கொட்டும்; வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையொன்றை உளுவையின் உடலில் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலை மெல்லச் சிலிர்க்கும்; இறால் அந்தக் கணமே உள்ளே போய்விடும். இந்தப் பழக்கம் நடப்பதற்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆழ மணல் வேண்டும். அதில் சிப்பித்துண்டுகளும் கலந்திருந்தால் வளை இடியாது. கற்களை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நேராக நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரிந்து அதன் மேலேயே விழும். உளுவை துள்ளி வெளியே விழக்கூடியது என்பதால் ஒரு மீன்வலைத் துண்டை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடியிருக்கிறேன்.

முதல் இரவில் தொட்டிக்குள் கண்ணாடி வெடித்ததுபோல் ஓர் ஓசை கேட்டு அம்மா எழுந்து வந்துவிட்டார். அது இறாலின் பெரிய கொடுக்கு மூடும்போது எழுவது. கொடுக்கு மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது. அந்தக் குமிழி உடைவதே ஓசை என்று 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து, ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்ணாடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இவை கொழும்பிலிருந்து இரவு பஸ்சில், ஒட்சிசன் அடைத்த பைகளில், ரெஜிபோம் பெட்டிக்குள் வந்தன. நீண்ட பயணத்தில் பைக்குள் அமோனியா சேரும். கூடவே சேரும் காபனீரொட்சைட்டு நீரை அமிலப்பக்கம் இழுத்து வைத்திருப்பதால் அதன் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்தக் காப்பு நீங்கிவிடும். ஆகவே மீனைத் திறந்த பையில் மணிக்கணக்காக வைத்திருக்கக் கூடாது. கடைக்காரரிடம் அவர் நீரின் சாரடர்த்தியை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, இரண்டு வாளிகளில் அதே அளவில் நீர் கலந்து வைத்திருந்து, வெப்பம் ஒத்துவந்ததும் உளுவையையும் இறாலையும் தனித்தனியே அவற்றுக்குள் மாற்றினேன். இறாலின் வாளிக்கு மட்டும் மெல்லிய குழாயால் தொட்டிநீரை இரண்டு மணிநேரம் சொட்டுச் சொட்டாக விட்டேன்; உப்பின் திடீர் மாற்றத்தை மீனைவிட இறால் குறைவாகவே தாங்கும்.

இரண்டு மாதங்களுக்குப் பின், இலங்கைக் கடலிலும் வாழ்கின்ற, முதுகில் வெண்கோடு கொண்ட துப்புரவு இறால் ஒன்றைச் சேர்த்தேன். அது துணிச்சலான உயிர். நறுக்கிய கூனியை உளுவையின் வாயருகிலிருந்தே பறித்துக்கொண்டு போகும் என்பதால், அதற்கு முதலில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, மற்றதை நீண்ட இடுக்கியால் வளைவாசலில் வைக்கிறேன். செம்பு கலந்த மீன்மருந்து எதையும் இந்த வீட்டில் வைத்திருப்பதில்லை. மீனைக் காப்பாற்றும் அளவு செம்பே இறாலைக் கொன்றுவிடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நினைவில் வைத்து, மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

கிழமைக்கொரு முறை மூன்று லீற்றர் நீரை மாற்றுகிறேன். கழிவு சேரச் சேர ஏறும் நைத்திரேற்று அளவு பல மாதங்களாகத் தாழ்ந்தே நிற்பதால் இன்னொரு சிறிய மீனுக்கு இடமிருக்கிறதே என்று கடைக்காரர் சொல்கிறார். இடமிருப்பதால்தான் அந்த அளவு தாழ்ந்து நிற்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.