வீட்டு சாக்கெட்டில் கார் சார்ஜ்: சுவருக்குள் நான் சரிபார்த்தவை

மின்சார கார் வந்தபோது வீட்டில் தனி சார்ஜர் பொருத்த உடனே வழியில்லை. காரோடு கொடுத்த கேபிளை, வண்டி நிற்கும் இடத்துச் சுவரில் இருந்த சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகித்தான் சமாளிக்க வேண்டும். பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் செருகியதும் கேபிளில் இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிடக் கூடாது. சுவருக்குள் ஒயர் எப்படி இருக்கிறது, ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்பதெல்லாம் அந்த விளக்குக்குத் தெரியாது.

230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும்கூட நிறைய இழுப்பவைதானே என்று தோன்றும். ஆனால் ஹீட்டர் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டுத்தான் இழுக்கும். கார் ராத்திரி முழுக்க ஒரே சீராக இழுக்கும். சாக்கெட் ஆற நேரமே கிடைக்காது. வட அமெரிக்காவின் 120 வோல்ட் வீடுகளில் 15 ஆம்பியர் சர்க்யூட்டில் காருக்கு 12 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு 80 சதவீதம்தான் அங்கே வரம்பு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சாக்கெட்டுக்குள் இருக்கும் பிடிப்பு. ப்ளக்கின் பின்னைக் கவ்வும் தகடு தளர்ந்திருந்தாலோ, ஒயரை இறுக்கும் ஸ்க்ரூ லூசாக இருந்தாலோ அந்த இடத்தில் மின்தடை கூடிவிடும். வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியரில் அங்கே 10 வாட் சூடு கிளம்பும். 16 ஆம்பியரில் அதுவே 25 வாட்டைத் தாண்டும், ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம் அது. எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விழாது. எம்சிபி பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. லூசான இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகினாலும் எம்சிபி பேசாமல் இருக்கும்.

அதனால் காரைச் செருகுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். பார்த்ததும் சொல்லிவிட்டார்: "சார், இது 1.5 ஸ்கொயர் ஒயர். லைட் பாயிண்டுலேர்ந்து இழுத்திருக்காங்க. வாஷிங் மெஷினும் இதுலதான் ஓடுது."

"அப்போ இதையே இறுக்கிட்டு ஓட்டலாமாண்ணே?"

"வேணாம் சார். போர்டுலேர்ந்து தனியா ஒரு லைன் போட்டுடலாம்."

ஸ்கொயர் என்பது ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்; எண் கூடினால் ஒயர் தடிமன். வெளியே 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டியிருந்தால் உள்ளேயும் அதற்குத் தகுந்த ஒயர் இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்பிவிடுகிறோம். திறந்து பார்க்காமல் அது தெரியாது. டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் காப்பர் ஒயரில், நடுவே எந்த ஜாயின்ட்டும் இல்லாமல், காருக்கு மட்டும் ஒரு லைன் வந்தது. அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி ஒன்று, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. ஆர்சிசிபியில் 'டைப் ஏ' கேட்டு வாங்கினேன். காரின் எலக்ட்ரானிக்ஸிலிருந்து வரும் கசிவு சுத்தமான ஏசி அலையாக இருக்காது. சாதாரண 'டைப் ஏசி' அதைக் கவனிக்காமல் போகலாம். சாக்கெட்டையும் புதிதாக, பின்னை இறுக்கமாகக் கவ்வும் தரமானதாக மாற்றினோம். மொத்த வேலையில் செலவு குறைந்தது அதுதான், பலன் அதிகம் தந்ததும் அதுதான்.

கேபிளின் நடுவே தொங்கும் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சார்ஜர் என்கிறோம், ஆனால் ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டியின் வேலை காவல். எர்த் இருக்கிறதா என்று பார்க்கும், கசிவு இருந்தால் துண்டிக்கும், எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதை ஒரு சின்ன சிக்னல் மூலம் காருக்குச் சொல்லும். கார் தயார் என்று பதில் தந்த பிறகுதான் கேபிள் முனைக்கு மின்சாரத்தையே விடும். சில கேபிள்களில் சுவர் ப்ளக்குக்குள் வெப்ப உணரியும் உண்டு. என்னுடையதில் இல்லை, அந்த வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

முதல் சார்ஜைப் பகலில் வைத்துக்கொண்டேன். காரின் திரையில் 6 ஆம்பியர் என்று குறைத்துத் தொடங்கி, அரை மணி நேரம் கழித்து ப்ளக்கையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. 10க்கு ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தால், சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரிதான் கூடுதல். சரி, இதுதான் நமக்கு என்று அங்கேயே நிறுத்திக்கொண்டேன். வீட்டு ஒயரின் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி வரைதான் தாங்கும். வெளியே தொடும்போதே கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே இணைப்பில் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். அப்படி இருந்தால் சார்ஜை உடனே நிறுத்த வேண்டியதுதான்.

16க்கு ஏற்றலாமே என்று ஆசை வரத்தான் செய்யும். எனக்கு அது தேவைப்படவே இல்லை. 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட் எடுக்கும் கார் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் ஓடினால் 6 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 7 என்று வைத்தாலும் 10 ஆம்பியரில் மூன்று மணி நேரம் போதும். ராத்திரி அதைவிட நீளம். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்ற அவசரத்துக்காக சாக்கெட்டில் இரண்டரை மடங்கு சூட்டை ஏற்றுவானேன்?

அடுத்து, எர்த். உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் கேபிளைச் செருகியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி பழுது என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். அந்தச் சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தது, அதன் பின்னால் எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. உதவிக்கு வந்த ஒருவர், ப்ளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் இணைத்துவிட்டால் பச்சை விளக்கு வந்துவிடும் என்றார். வரும்தான். ஆனால் அதற்கு அப்புறம் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். கார் ரப்பர் டயரில் நிற்பதால் அந்த மின்சாரம் தரைக்குப் போக நல்ல வழியில்லை. ஈரத்தரையில் நின்று கதவைத் தொடும் ஆள்தான் அந்த வழி. தயவுசெய்து யார் சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் எர்த் ஒயரை ஒழுங்காக இழுத்து இணைத்து, அது சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் சார்ஜ் போட்டோம், அதுவும் 8 ஆம்பியரில்.

அதே வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சும் வந்தது. 20 மீட்டர் நீளமுள்ள 1.5 ஸ்கொயர் ஒயரில், போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட அரை ஓம் தடை. 10 ஆம்பியரில் ஏறக்குறைய 50 வாட் சூடு. விரித்துப் போட்டால் அது காற்றில் கலைந்துவிடும். சுருளாகச் சுற்றியே வைத்திருந்தால் அவ்வளவு சூடும் ஒரே இடத்தில் தேங்கி உறையை இளக்கிவிடும். போதாததற்கு இடையில் இன்னொரு ப்ளக், இன்னொரு சாக்கெட், இன்னும் இரண்டு லூஸ் கான்டாக்ட் வாய்ப்பு. வேண்டாம் என்று மறுத்து, காரைச் சாக்கெட் பக்கமாக நகர்த்தி நிறுத்தினேன்.

இப்போது பழகிவிட்டது. கனமான அந்தப் பெட்டி ப்ளக்கில் தொங்கி இழுக்காதபடி சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டியிருக்கிறேன். எடுக்கும்போது முதலில் காரில் சார்ஜை நிறுத்தி, கார் பக்கம் கழற்றி, கடைசியாகத்தான் சுவர் ப்ளக்கைப் பிடுங்குவேன். ஓடும் மின்னோட்டத்தோடு பிடுங்கினால் தெறிக்கும் பொறி பின்னையும் தகட்டையும் கருக்கிவிடும், அடுத்த தடவை அந்தக் கருப்பே கூடுதல் தடையாகும். அவ்வப்போது எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்க்கிறார். ப்ளக் வழக்கத்தைவிட எளிதாக வெளியே வர ஆரம்பித்தால் அந்தச் சாக்கெட்டைச் சரிசெய்யச் சொல்ல மாட்டேன், புதிதாக மாற்றிவிடுவேன்.