கூடுதலா, குறைவா: மனச்சிதைவு நோயில் நைட்ரிக் ஆக்சைடு

மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் முழுப் பலன் தரப் பல வாரங்கள் ஆகும் என்பது நோயாளியின் குடும்பத்தார் கேட்டுப் பழகிய பதில். நான்கு மணி நேரம் ட்ரிப்ஸில் ஏற்றிய ஒரு மருந்து அன்றைக்கே அறிகுறிகளைத் தணித்தது என்று 2013-இல் பிரேசிலிலிருந்து வந்த செய்தியை நான் பெரும் எதிர்பார்ப்போடு படித்ததற்கு அதுவே காரணம்.

அந்த மருந்து புதியதல்ல. சோடியம் நைட்ரோபுருசைடு என்ற அது, எகிறிவிட்ட ரத்த அழுத்தத்தை இறக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலமாகப் பயன்படுவது. வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள் போர்த்தி, ரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்தபடியே ஏற்றுவார்கள். உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடுகிறது. ரத்தநாளங்களைத் தளர்த்துவது அந்த வாயுதான்.

அதற்கும் மனநோய்க்கும் என்ன தொடர்பு? மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள், நரம்புச் செல்லின் மேல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பியைத் தூண்டும்போது செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. அந்தக் கால்சியம், ஏற்பிக்கு அருகிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு நொதியை எழுப்ப, அது அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. வாயு என்பதால் அது செல் சவ்வைத் தாராளமாக ஊடுருவி அக்கம்பக்கத்துச் செல்களையும் எட்டி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறைப் பெருக்குகிறது. கீட்டமின் என்ற மயக்க மருந்தும் பிசிபி என்ற போதைப்பொருளும் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும்போது நல்ல நிலையில் இருப்பவரிடமும் மனச்சிதைவை ஒத்த அறிகுறிகள் தோன்றுவதால், இந்தச் சங்கிலி நலிவதே நோயின் ஒரு வேர் என்றும், அதன் ஒரு கண்ணியான நைட்ரிக் ஆக்சைடை வெளியிலிருந்து கொடுத்தால் குறை ஈடாகும் என்றும் கருதினார்கள்.

சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ரோ பிரேட்டோ மருத்துவக் கல்லூரியில் நடந்த அந்தச் சோதனையில் இருந்தவர்கள் 20 பேர். எல்லோரும் நோய் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குள் இருந்த இளவயதினர். வழக்கமான மருந்தையும் நிறுத்தவில்லை. பாதிப் பேருக்கு நைட்ரோபுருசைடும் மீதிப் பேருக்கு வெறும் குளுக்கோஸ் கரைசலும் ஏற்றப்பட்டன. மருந்து பெற்றவர்களிடம் சில மணி நேரத்தில் தெரிந்த முன்னேற்றம் நான்கு வாரங்கள் வரை நீடித்தது.

பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 20 பேரிடமும், அமெரிக்காவில் 52 பேரிடமும் இதே மருந்தைச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. நோயின் ஆரம்பக் கட்டத்தில்தான் பலன் தரும் என்ற விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது என்றாலும், 20 பேரிடம் கண்ட பெரிய பலன் கூடுதல் பேரிடம் மறைந்துபோனால், முதல் முடிவையே சந்தேகிப்பதுதான் முறை என்பது என் கருத்து.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது சுவீடனிலிருந்து 2011-இல் வெளிவந்த இன்னொரு சிறு ஆய்வு. பிசிபி கொடுத்த எலிகளில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தால் கோளாறுகள் குறைகின்றன என்ற கண்டுபிடிப்பை வைத்து, அர்ஜினினோடு போட்டியிட்டு அது செல்லுக்குள் நுழைவதைக் குறைக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை, நாளொன்றுக்கு 6 கிராம் வீதம், 10 நோயாளிகளுக்கு நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். சில அறிகுறிகள் தணிந்தன. ஒரு குழு கூட்டப் பார்த்ததை மற்றொரு குழு குறைக்கப் பார்த்திருக்கிறது! இரண்டுமே சிறிய ஆய்வுகள். ஆயினும் இவை நேருக்கு நேர் மோத வேண்டியதில்லை. இந்த வாயு சில நொடிகளே நிலைப்பது. உருவான இடத்தின் அருகில் மட்டும் வேலை செய்வது. அளவாக இருக்கும்போது செய்தி சுமக்கும் அதே மூலக்கூறு, சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட்டாக மாறிச் செல்லையே அரிக்கிறது. ஆகவே ரத்தத்தில் அளந்து கூடுதல், குறைவு என்று சொல்வதை வைத்து மூளையின் ஒரு பகுதியில் நடப்பதைத் தீர்மானிக்க இயலாது.

உடற்பயிற்சிக் கூடங்களில் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்கும் என்று விற்கப்படும் அர்ஜினின் பொடியை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. மனச்சிதைவுக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தவிர, குளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளே எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சரியச் செய்பவை. அவற்றோடு ரத்தநாளத்தைத் தளர்த்தும் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.