கோல்ஃப் மைதான வேலை: களை எடுப்பதிலிருந்து மெஷின் ஷெட் வரை

தோட்டக்கலை டிப்ளமோ முடித்துவிட்டு கோல்ஃப் மைதான வேலைக்கு வரலாமா என்று குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். புல்லைப் பற்றிப் படித்திருந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் பாதியில் சோர்ந்துவிடுகிறார்கள். இந்த வேலையில் மேலே போகிற பாதை, புல் வெட்டும் மெஷின்களை வைத்துப் பழுதுபார்க்கும் மெஷின் ஷெட் வழியாகப் போகிறது. நான் போனதும் அப்படித்தான்.

நம் மலைகளில் இதற்கான இடங்கள் குறைவு. பெயர் சொல்லும்படி ஊட்டி, வெலிங்டன், அந்தப் பக்கம் பழனி மலையில் கொடைக்கானல். எல்லாம் பழைய மைதானங்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895ல். இப்படிப்பட்ட இடங்களில் அப்பா பார்த்த வேலையைப் பிள்ளை பார்ப்பது வழக்கம், அதனால் விளம்பரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. தெரிந்தவர் யாராவது மேஸ்திரியிடம் சொல்லி வைக்க வேண்டும். எனக்குச் சொன்னது என் அத்தை. அவர் மைதானத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "படிச்ச பிள்ளை, நாள் பூரா குனிஞ்சு வேலை செய்வியாம்மா?" என்று கேட்டார். செய்வேன் என்றேன். தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்.

களை எடுப்பதைப் பலர் கீழான வேலையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கிரீனை, அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் ஒட்ட வெட்டிய புல்தரையை, அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறவர்கள் மைதானத்தில் வேறு யாரும் இல்லை. கிரீனில் இருப்பது பென்ட் புல், நூல் மாதிரி மெல்லியது. அதைச் சுற்றி நீலகிரி முழுக்கப் பரவிக் கிடக்கும் கிக்கியூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளைச் சேர்ந்த இந்தப் புல்லை மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்தார்கள். ஓரத்திலிருந்து கொடி நீட்டி, மண்ணுக்கடியில் கிரீனுக்குள் நுழைந்துவிடும். ஒரு கணு உள்ளே தங்கினாலும் மறுபடி முளைக்கும். அதனால் இழுக்கக் கூடாது. கத்தி முனையை அடியில் விட்டு, கணு கணுவாகக் கிளப்பி, முழுக்கொடியாக எடுக்க வேண்டும். சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து பெண்கள் நாங்கள் இதைத்தான் செய்தோம்.

அப்படி உட்கார்ந்திருந்த காலத்தில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காலையில் வெட்டிய கிரீன் சாயங்காலத்துக்குள் லேசாக வெளுத்துத் தெரியும். ஆனால் முழுதும் வெளுக்காது, மெஷின் ஓடிய தடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தால் நுனி வெட்டுப்படாமல் நார் நாராகக் கிழிந்திருந்தது. பிளேடின் ஒரு முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழிந்த நுனியில்தான் பூஞ்சை முதலில் ஏறும். ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலும் விடாத ஊரில் இது சாதாரண விஷயமில்லை. பல இடங்களில் மருந்து அடிக்கிற செலவுக்குக் காரணம் நோயைவிட மழுங்கிய பிளேடுதான் என்பது என் உறுதியான எண்ணம். நம் மலை ஓடைகளில் இறங்குகிற தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள். அடிக்காமல் தப்பிக்கிற ஒவ்வொரு மருந்தும் நல்லதுதான்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் என்னை ஷெட்டுக்கு அனுப்பினார். அங்கே "பொம்பளப் பிள்ளைக்கு கிரீஸ் வேலை எதுக்கு" என்ற பேச்சுதான் முதலில் வந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு ரொம்ப நாள் தொடர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் மெக்கானிக் அண்ணனுக்குக் கைக்கு ஆள் இல்லாமல் போனபோதுதான் எனக்கு இடம் கிடைத்தது.

கிரீன் வெட்டும் ரீல் மெஷினில் முறுக்கிய பிளேடுகள் உருளையாகச் சுற்றும். அடியில் அசையாத ஒரு பிளேடு இருக்கும். இரண்டும் உரசும் இடத்தில் புல் வெட்டுப்படுகிறது. அண்ணன் தினத்தந்தித் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்பார். ரீலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே அந்தத் துண்டை இடது முனையில், நடுவில், வலது முனையில் நீட்டுவார். எல்லா இடத்திலும் தாள் சுத்தமாக அறுபட வேண்டும். ஓரிடத்தில் மடிந்தாலும் அந்தப் பக்கத்துத் திருகை ஒரு இம்மி திருப்பி மறுபடி பார்ப்பார். ரொம்ப இறுக்கினால் ரீல் சூடாகித் தேய்ந்துவிடும். "சத்தத்தைக் கேளும்மா, சீறக் கூடாது, கிசுகிசுக்கணும்" என்பார். அப்புறம் உயரம் வைப்பது. ஒரு இரும்புப் பட்டையில் திருகு வைத்த அளவுகோல் உண்டு. கிரீனுக்கு 4 மில்லிமீட்டர் வைத்திருந்தால், மழையில் 5க்கு ஏற்றிவிடுவோம். காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை, புல்லுக்கு அது கால் பங்கு உடம்பு.

ஷெட்டில் கை பழகியபிறகு மற்றவை வேகமாக வந்தன. ஹோல் கட்டரால் பந்து விழும் குழியை வேறு இடத்துக்கு மாற்றுவது: அகலம் 4.25 அங்குலம், உலகம் முழுக்க அதே அளவு. பழைய குழியை மூடும்போது மண்கட்டி சுற்றியுள்ள தரையோடு சமமாக உட்கார வேண்டும். விடிகாலையில் நீள மூங்கில் கழியால் பனித்துளியைத் தட்டிவிடுவது. இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சை குறையும். காட்டுமாடு நடந்துபோன குளம்புப் பள்ளத்தை முள்கரண்டியால் கீழிருந்து நெம்பக் கூடாது, வேர் அறுந்துவிடும். ஓரத்து மண்ணைச் சுற்றிலும் நடுவை நோக்கித் தள்ளி, மேலே மிதித்துவிட வேண்டும். காட்டுப்பன்றி கிளறிய இடம் இருந்தால் அடியில் வெள்ளை வேர்ப்புழு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும், பன்றி அதற்குத்தான் வருகிறது.

உறைபனியைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் புல் வெள்ளையாக விறைத்து நிற்கும். அதன்மேல் கால் வைத்தால் இலைக்குள் உறைந்திருக்கும் நீர் செல்லைக் கிழித்துவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் காலடி காலடியாகக் கருகித் தெரியும். ஆனால் ஆட வந்த பெரிய மனிதர்களிடம் "வெயில் ஏறட்டும் சார்" என்று சொல்ல ஒரு தினக்கூலிக்கு வாய் வராது. அதற்காகவே நான் ஒரு நோட்டு போட்டேன். எந்த கிரீனில் எத்தனை மணிக்குப் பனி உருகியது, முந்தின நாள் யார் எப்போது நடந்தார்கள், எங்கே கருகியது என்று தேதி போட்டு எழுதினேன். இரண்டு குளிர்காலம் எழுதியதை மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பான சூப்பரிண்டெண்டென்ட் வாங்கிப் படித்தார். காலை ஆட்டம் எந்த கிரீன் உருகியபின் தொடங்கலாம் என்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவானது.

நிரந்தர வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோதும் பேச்சு நோட்டைச் சுற்றியே நடந்தது. ஒரு கேள்வி மட்டும் புதிது. "போட்டி வருது, கிரீன் வேகம் பத்தலைன்னு உறுப்பினர்கள் சொல்றாங்க, என்ன செய்வே?" வேகம் பார்ப்பதற்கு ஸ்டிம்ப்மீட்டர் என்று 36 அங்குலப் பட்டை இருக்கிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935ல் யோசித்துச் செய்தது. பந்தை அதிலிருந்து உருளவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பார்கள். வேகம் வேண்டுமென்றால் பிளேடை இறக்குவது சுலப வழி. மூடுபனிக் காலத்தில் அப்படி இறக்கினால் போட்டி முடிந்த கையோடு புல்லும் போய்விடும். உயரத்தைத் தொடாமல், மெல்லிய மணல் தூவி, உருளை ஓட்டுவேன் என்று சொன்னேன். உதவி சூப்பரிண்டெண்டென்ட் வேலை கிடைத்தது.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் பாஸ்பாலம் புல், உப்புத் தண்ணீர் தாங்குவது. நம் சமவெளியில் பெர்முடா. இரண்டுமே வெப்பத்துப் புல். மலையில் கற்ற பென்ட் பக்குவம் அங்கே அப்படியே ஓடாது. ஆனால் ரீல் சாணையும் உயரம் வைப்பதும் எந்த ஊரிலும் ஒன்றுதான், அது தெரிந்தவரைக் கையோடு வேலைக்கு எடுப்பார்கள்.

வேலை கேட்டுப் போவதானால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போங்கள். ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் ஆள் தேவைப்படும் நேரம் அது. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, நேராக மேஸ்திரியைப் பாருங்கள். களை எடுக்கச் சொன்னால் சரி என்று சேருங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் ஷெட் வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் மைதானத்தில் இப்போது மூன்று பெண்கள் ரீல் மெஷின் ஓட்டுகிறார்கள், மூவரும் களை எடுத்த வரிசையிலிருந்து வந்தவர்கள்.