பன்னிரண்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

போன வருஷம் மே மாதம் பெங்களூரிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு கும்பகோணம் வந்திருந்தான். கடலோரமாக ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினோம்: வைத்தீஸ்வரன்கோவில், பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. ஏழு ஊர். மேப்பில் பார்த்தால் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, வினையே அதுதான்.

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு, கிளம்பியது எட்டு மணிக்கு. வைத்தீஸ்வரன்கோவிலில் வரிசை. பூம்புகாரில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வர மாட்டேன் என்று அடம். திருக்கடையூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே கால், நடை சாத்தியாகிவிட்டது. அம்மா கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சரி, கோட்டையாவது பார்க்கலாம் என்று தரங்கம்பாடிக்குப் போனால் அன்று வெள்ளிக்கிழமை, கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. என் மகன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மணலில் ஓடினான், பாதி தூரம் போனவன் நின்று இந்தக் கால் அந்தக் கால் என்று மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். மச்சினன் போய்த் தோளில் தூக்கி வந்தான். புளியோதரைப் பொட்டலத்தை காருக்குள்ளேயே பிரித்தோம், எப்படியோ அதிலும் மணல். காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்ற பெயர்களை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

தப்பு ஊர்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நம் பக்கத்தில் ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு அரை நாள், நடுவில் ஒரு பள்ளம். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மேல் கோயில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதே நேரத்தில் கடற்கரையில் நிற்க முடியாது, கோட்டை முற்றத்திலும் நிற்க முடியாது. ஆகவே இப்போது நான் திட்டம் போடுவது நடுவிலிருந்து. மத்தியானம் எங்கே உட்காரப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவ்வளவுதான்.

இந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் போனோம், நாங்கள் நாலு பேர் மட்டும். விடிகாலை நாலேகாலுக்கு வண்டியை எடுத்தேன். மாயவரம் தாண்டி செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடி. அந்த நேரத்தில் ரோட்டில் பால் வண்டியும் பூக்கூடைக்காரர்களும்தான். ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அதில் போன கதையை அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார், அன்றைக்கும் சொன்னார்.

ஊருக்குள் நுழையும் வாசல் 1792-ல் கட்டியது, வெள்ளையடித்த வளைவு, அதற்குள்ளாகத்தான் வண்டி போகவேண்டும். நேரே போனால் கடல். கிழக்குக் கடற்கரையில் சாயங்காலம் போய் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், பெங்களூர் மச்சினனே அப்படித்தான் கேட்டான். இங்கே கடலில் பார்க்கக் கிடைப்பது உதயம்தான், அதற்கு இருட்டிலேயே எழுந்திருக்கவேண்டும், வேறு வழி இல்லை. அன்று கடலுக்கு மேலே ஒரு கோடு மாதிரி மேகம், அதற்குப் பின்னால் கொஞ்ச நேரம் சிவந்துகொண்டே இருந்தது, அப்புறம் சட்டென்று கோட்டைச் சுவர் முழுக்க மஞ்சள் ஏறியது. மே மாதம் கொதித்த அதே மணல் அன்று கால் சில்லிடும்படி ஈரமாக இருந்தது.

கரையோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலை அந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதன் கல்வெட்டில் ஊருக்கு சடங்கன்பாடி என்று பெயர். டேனிஷ்காரர்கள் வந்தது அதற்கு முந்நூறு வருஷம் கழித்து. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கோட்டை கட்டினார்கள், 1845-ல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் டென்மார்க் கொடி பறந்த ஊர், இன்று காலை எட்டு மணிக்கு ஒரு நாய், இரண்டு சைக்கிள், வலை தைக்கிறவர்கள்.

ராஜ வீதியில் நடந்தால் புது எருசலேம் தேவாலயம் வரும், 1718-ல் கட்டியது. அதைக் கட்டிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் இங்கே வந்து இறங்கியவர், கட்டி முடித்த அடுத்த வருஷமே இறந்துபோனார், அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் இங்கே அச்சடித்து முடித்தார்கள். அதற்குக் காகிதம் வேண்டுமே, அதனால் பக்கத்தில் பொறையாரில் ஒரு பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். டிபன் சாப்பிட பொறையார் போகிற வழியில் பேர்ப்பலகையைப் பார்த்து மகன் "அப்பா, கடுதாசின்னா லெட்டர்தானே?" என்று கேட்டான். இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இட்லி ஆறிப்போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையில் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், உள்ளே போய் வேடிக்கை பார்ப்பது நன்றாக இருக்காது, சனிக்கிழமையே தோது.

கோட்டையை பத்து மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடி சிறை போய், 1914-ல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்பத்து ஊர். மறு வருஷம் காந்தியே இங்கே வந்திருக்கிறார். நினைவு மண்டபம் சின்னதுதான், பத்து நிமிஷம் போதும், ஆனால் என் மகள் அந்த வயதை நெருங்குகிறாள், அவள் அதிகம் பேசாமல் வந்தாள்.

பள்ளத்துக்கு நாங்கள் வைத்திருந்தது காரைக்கால். வாழை இலையில் மீன் சாப்பாடு, அம்மாவுக்கு மட்டும் சைவம், அப்புறம் விசிறிக்கு அடியில் உட்கார ஒரு சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் இல்லையென்றால் பாதி நாளுக்கு லாட்ஜில் ஒரு ரூம் எடுங்கள், வயதானவர்கள் கூட இருந்தால் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, பெட்ரோல் கொஞ்சம் மலிவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும் இன்னொன்றைப் பற்றி மச்சினன் போனில் விசாரித்தான், எல்லையில் வண்டியைச் சோதிப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

நாலரைக்குத் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணக் கூட்டம் காலையோடு கலைந்துபோய் பிராகாரம் காலியாகக் கிடந்தது. முகூர்த்த நாள் காலையில் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள், மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதிகளுக்கு நடுவே சன்னதியை எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. அம்மா அபிராமி முன்னால் நின்று நிதானமாகக் கும்பிட்டார். மே மாதக் கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பூம்புகாரை வேண்டுமென்றே விட்டோம். கண்ணகி கதை தெரிந்தவர்களுக்கு அது தனி நாள் கேட்கிற ஊர். ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஆடிப்பெருக்கு நாட்களில் காவிரி கடலில் சேரும் இடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அலை இழுக்கும், பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வேளாங்கண்ணி என்றால் ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா, வேண்டுதல் இல்லாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

எட்டு மணிக்கெல்லாம் வீடு. அடுத்தது நாகூர், வேளாங்கண்ணி. மத்தியானத்துக்கு நாகப்பட்டினத்தில் யார் இருக்கிறார்கள் என்று அம்மா டைரியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.