மடிப்பும் வேர்வையும்: எடை குறைந்த பின் ஒரு நாட்குறிப்பு

மார்ச் 16

முப்பது நாற்பது கிலோ குறைந்த பிறகும் வயிறு தொங்குகிறது என்றால், முதலில் மடிப்பைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். இரு விரல்களுக்கு நடுவே மெல்லிசாக நின்றால் அது வெறும் தோல். தடிமனாகத் திரண்டால் கொழுப்பு இன்னும் மிச்சம். இரண்டுக்கும் வழி வேறு.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. பல வருடம் இழுபட்ட எலாஸ்டின், கழுத்து தொங்கிப்போன பழைய பனியன் மாதிரிதான், முழுசாகத் திரும்பாது. வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தார், எவ்வளவு குறைந்தார், பீடி சிகரெட், வெயில் எல்லாமே கணக்கில் வரும். எடை ஓரிடத்தில் நின்ற பிறகு ஒன்றிரண்டு வருடம் வரை கொஞ்சம் சுருங்கலாம். "அவசரப்பட்டுக் குறைச்சதாலதானுங் தொங்குது" என்று ஊரில் சொல்வார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்கும் தொங்கும்.

மார்ச் 30

தோலை இறுக்கும் என்று விற்கும் க்ரீம் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. கொலாஜன் மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே போகும் அளவுக்குச் சின்னதல்ல. தேங்காய் எண்ணெய் மேல்தோலின் வறட்சியைப் போக்கும், அவ்வளவே. ரேடியோ அலைச் சிகிச்சை லேசான தளர்வுக்குக் கொஞ்சம் உதவலாம். முன்தானை போலத் தொங்கும் வயிற்றுக்கு அதில் காசைக் கொட்ட வேண்டாம்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கியாச்சு. கரூர், ஈரோடு பக்கம் இனி மடிப்புகளுக்குள் புண் வரும் காலம். அழகைவிட இதுதான் முதல் வேலை.

மடிப்பைத் தூக்கிப் பிடித்து, காரமில்லாத சோப்பில் கழுவி, சோப்பு தங்காமல் அலச வேண்டும். பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு மின்விசிறிக் காற்றோ, ஹேர் டிரையரின் குளிர்காற்றோ ஒரு நிமிடம். உரசும் இடத்தில் ஜிங்க் ஆக்சைடு க்ரீம் மெல்லிசாக. வெளியே போகும் நாளில், துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாக உள்ளே வைத்து, ஓரம் இரண்டு விரல்கடை வெளியே நீட்டி நிற்கும்படி விட வேண்டும். வெளியே நீட்டிய ஓரம் வழியாகத்தான் ஈரம் ஆவியாகும்; முழுசாக உள்ளே செருகினால் ஈரம் அங்கேயே ஊறும். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். பவுடர் வேர்வையில் கட்டிகட்டியாகி உரசலைக் கூட்டும்.

சிவந்த திட்டு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. குளோட்ரிமசோல் 1% க்ரீம், தினம் இருவேளை, இரண்டு வாரமாவது. அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவர்.

மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்" என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள்தான் பெரிய வில்லங்கம். அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும். மடிப்பில் மருந்து அதிகமாக உறிஞ்சப்படுவதால் ஏற்கெனவே தளர்ந்த தோல் இன்னும் மெலிந்து கோடு விழும்.

புண் அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். சிவப்பு வேகமாகப் பரவி, சூடாக வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

மே 18

துணி. திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்கு இதில் யோகம். காதர்பேட்டையில் கேட்டு வாங்கலாம். பருத்தி 95, லைக்ரா 5 சதவீதம், நாலு பக்கமும் இழுபடும் துணி. இடுப்பு உயரமான, தொடை பாதிவரை வரும் ஷார்ட்ஸ். மடிப்பைத் தூக்கி உள்ளே அடக்கிப் போட வேண்டும். ஒரு சைஸ் சின்னதாக எடுத்தால் மேல்விளிம்பு சுருண்டு தோலை அறுக்கும்.

சேலை கட்டுபவர்கள் பாவாடை நாடாவை மடிப்பின் மேல் இறுக்கக் கூடாது. தினமும் அதே இடத்தில் இறுக்கினால் தோல் கறுத்துப் புண்ணாகும். நாடாவுக்குப் பதில் அகலப்பட்டி வைத்துத் தைக்கச் சொல்லலாம். பழைய ஜாக்கெட்டின் பக்கத் தையலை மட்டும் பிடித்தால் அக்குள் தூக்கிக்கொள்ளும். ஆர்ம்ஹோலையே, அதாவது கை நுழையும் வளைவையே, புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும்.

ஜூன் 8

வைகாசி முகூர்த்தங்கள். "ஏனுங் அம்மிணி, இப்படி எளைச்சுட்டீங்? சக்கரையா?" என்று பந்தியிலேயே கேட்பார்கள். "நானாத்தானுங் கொறைச்சேன்" என்பதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி தருவது வேறு தொல்லை. மூளை வைத்திருக்கும் உடல் வரைபடம் பழசாகவே நிற்பதால், கை இன்னும் எக்ஸ்எக்ஸ்எல் சட்டையையே தேடும். தினமும் கிள்ளிப் பார்ப்பதை நிறுத்தி, மாதம் ஒருமுறை டேப்பில் அளந்து எழுதலாம். "இன்னும் அஞ்சு கிலோ கொறைச்சா தோல் ஒட்டிரும்" என்று பட்டினி கிடப்பதுதான் ஆபத்தான கணக்கு. கரைவது தசை, தோல் இன்னும் தொங்கும். துணை தொடுவதையே தவிர்ப்பது, வெளியே போக மறுப்பது, சாப்பாட்டைப் பயப்படுவது என்று போனால் மனநல உதவி தேவை. டெலி மனாஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

ஜூன் 22

தோலுக்கு அடியில் தசை வளர்ந்தால் மேல்கையும் தொடையும் ஓரளவு நிரம்பும். அடிவயிறு நிரம்பாது. வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி, ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, கடைசி இரண்டு தடவை சிரமப்படும் எடையில்.

புரதம் கிலோவுக்கு சுமார் 1.2 கிராம், 70 கிலோ ஆளுக்கு 84. நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் காய்ந்த கொள்ளில் 22 கிராம் அளவு. அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் ருசி கெடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காற்று குளிர்ந்ததும் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரைப்பைச் சுருக்க அறுவை செய்தவர்களுக்கு அதற்குப்பின் 12 முதல் 18 மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். குறைந்தால் புண் ஆறாமல் தையல் பிரியலாம். புகையை நாலு வாரம் முன்னதாகவே விட்டிருக்க வேண்டும். கர்ப்பம் தரிக்க எண்ணம் இருந்தால் தள்ளிப்போடலாம்.

பானிகுலெக்டமி தொங்கும் தோலை வெட்டி எடுப்பது மட்டும். டம்மி டக்கில் வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளுக்கு இடம் மாற்றுவார்கள். எதுவானாலும் இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை தழும்பு. தையலுக்கு அடியில் நீர் கோத்தல் சகஜம், அதை வடிக்கத்தான் குழாய் வைப்பார்கள். கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவு.

இறுக்க உடுப்பு சுமார் ஆறு வாரம் போட வேண்டும் என்பதால் பங்குனி சித்திரையில் செய்யாதீர்கள். மார்கழி தை நல்லது. அந்த ஆறு வாரமும் நிறைகுடம், 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. பாய்ப்படுக்கையும் வேண்டாம், எழுவது சிரமம்.

காப்பீட்டில் அழகுச் சிகிச்சைக்குப் பணம் தராத விலக்கு உண்டு, பாலிசியில் அதன் குறியீடு Excl08. உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவரீதியாக அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று கொடுத்தால் விதிவிலக்கு கேட்கலாம். அதற்கு மடிப்புப் புண்ணின் தேதியிட்ட படங்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கோடையிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். முன் அனுமதி எழுத்தில் வரும்வரை அட்மிஷன் தேதி குறிக்காதீர்கள்.